போர்ஷே 911 உடற்கூடு மாற்றமும் அசல்நிலைப் பேணலும்

போர்ஷே 911 உடற்கூடு மாற்றம் என்பது, செருமனியின் போர்ஷே நிறுவனம் 1964 முதல் 1998 வரை தயாரித்த, காற்றால் குளிரூட்டப்படும் எஞ்சின் கொண்ட 911 வகைத் தானுந்துகளின் வெளித்தோற்றத்தை, அவை தொழிற்சாலையை விட்டு வெளிவந்த பின்னர் மாற்றியமைக்கும் வழக்கம் ஆகும். சக்கர வளைவுகளை அகலப்படுத்துதல், முகப்பைத் தட்டையாக்குதல், பின்புறத்தில் காற்றுத்தடுப்பு வால் பொருத்துதல், பிற்காலத் தானுந்துக்கு முற்காலத் தோற்றம் கொடுத்தல் ஆகியன இதன் முதன்மையான வடிவங்கள். இதற்கு மாறாக, தொழிற்சாலை கொடுத்த தகடு, வண்ணம், பாகங்கள் ஆகியவற்றை இயன்றவரை அப்படியே காத்து வருவது அசல்நிலைப் பேணல் எனப்படும்.

இவ்விரு போக்குகளுக்கும் இடையிலான விவாதம் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அனைத்துக்கும் பொதுவானது. ஆயினும் 911-ஐப் பொறுத்தவரை அது வேறெங்கும் இல்லாத அளவுக்குக் கூர்மை பெற்றுள்ளது. ஏறத்தாழ முப்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே அடிப்படை வடிவம் தொடர்ந்ததால், ஓர் ஆண்டின் பாகம் மற்றோர் ஆண்டின் வண்டியில் சிறிய வேலையுடன் பொருந்திவிடுகிறது. மாற்றுவது எளிது என்பதாலேயே மாறாமல் எஞ்சியவை அரிதாயின.

பின்னணி

911-இன் வடிவத்தை ஃபெர்டினாண்ட் அலெக்சாண்டர் போர்ஷே உருவாக்கினார். 1963 செப்டம்பரில் பிராங்க்ஃபர்ட் தானுந்துக் கண்காட்சியில் 901 என்ற பெயரில் அது அறிமுகமானது. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்களுக்குப் பிரான்சில் தமக்கே உரிமை உண்டு எனப் பெஜோ நிறுவனம் எதிர்ப்புத் தெரிவித்ததால், 1964-இல் பெயர் 911 என மாற்றப்பட்டது.

தொடக்க கால 911 ஒடுக்கமான உடலும் 2 லிட்டர் கொள்ளளவும் 130 குதிரைத்திறனும் கொண்ட ஆறு உருளை எஞ்சினும் உடையது. எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், வளைவுகளில் வண்டியின் பின்பகுதி வெளியே வீசப்படும் இயல்பு அதற்கு இருந்தது. இக்குறையைத் தீர்ப்பதற்காகவே சக்கர அச்சுகளுக்கு இடையிலான தொலைவு 1969 மாதிரி ஆண்டில் 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268 மில்லிமீட்டராகக் கூட்டப்பட்டது. அகன்ற பின்சக்கரங்களும், அவற்றை மூடுவதற்கான அகன்ற வளைவுகளும், பின்னாளில் வந்த வால்களும் இதே சிக்கலுக்கு நிறுவனம் கண்ட தீர்வுகளே. 911-இல் அழகுக்காகச் செய்யப்படுவதாக இன்று கருதப்படும் மாற்றங்களில் பெரும்பாலானவை இவ்வாறு பொறியியல் தேவையிலிருந்து தோன்றியவை.

உடற்கூட்டின் அமைப்பு

911-க்குத் தனிச் சட்டகம் கிடையாது. தரை, பக்கவாட்டுப் பெட்டித் தூலங்கள், கூரை, பின்பக்கத் தகடுகள் அனைத்தும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நிற்கின்றன. முன்சக்கரங்களை மூடும் பக்கத் தகடுகளும், முன் மூடியும், கதவுகளும், பம்பர்களும் மட்டும் திருகாணிகளால் பொருத்தப்பட்டவை. இந்த வேறுபாடு மாற்றத்தின் தன்மையைத் தீர்மானிக்கிறது. முன்புறத்தில் செய்யும் மாற்றத்தைக் கழற்றிவிட்டுப் பழைய தகட்டை மீண்டும் பூட்டலாம். பின்சக்கர வளைவை வெட்டினால் அது கூட்டையே வெட்டுவதாகும். அதைத் திருப்பிப் பெற வேண்டுமானால் பின்பக்கத் தகடு முழுவதையும் அறுத்து எடுத்துப் புதிதாகப் பற்றவைக்க வேண்டும். அவ்வாறு செய்தாலும் தொழிற்சாலையின் புள்ளிப் பற்றவைப்புத் தடங்கள் திரும்புவதில்லை.

துரு இதில் முக்கியமான காரணி. 1976 மாதிரி ஆண்டு முதல் உடற்கூட்டின் எஃகுத் தகடுகள் இருபுறமும் துத்தநாக முலாம் பூசப்பட்டவை ஆயின. அதற்கு முந்தைய வண்டிகள் எளிதில் துருப்பிடிப்பவை. எஞ்சினின் வெப்பத்தால் சூடான காற்று பக்கத் தூலங்களின் உள்ளே செல்லும் குழாய்கள் வழியாகவே பயணிகள் அறைக்கு வருகிறது. எனவே அத்தூலங்கள் உள்ளிருந்தே அரிக்கப்படுகின்றன. வெளியே வண்ணம் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு தூளாகியிருப்பதுண்டு. முன் மூடியின் கீழ் மின்கலம் அமரும் இடம், பின் முறுக்குத் தண்டுகளின் குழாயை ஒட்டிய பகுதி ஆகியனவும் பழுதுக்குப் பெயர் பெற்றவை.

வெட்டப்பட்ட தகட்டின் விளிம்பில் முலாம் இருப்பதில்லை. அதன் மேல் கண்ணாடி இழையாலான ஃபைபர் வளைவை ஒட்டிப் பட்டி பார்த்து வண்ணம் பூசினால், இரண்டுக்கும் இடையில் ஈரம் தங்கி, முலாம் பூசிய வண்டியிலும் துரு தொடங்குகிறது. ஃபைபரும் எஃகும் வெப்பத்தால் வெவ்வேறு அளவில் விரிவதால் ஒட்டு விளிம்பில் சில ஆண்டுகளில் விரிசல் தெரியும். எஃகு வளைவைப் பற்றவைத்து டிங்கர் வேலை செய்வது இதைவிட நீடித்து நிற்கும். செலவும் காலமும் பன்மடங்கு ஆகும்.

தொழிற்சாலையின் மாற்றங்கள்

போர்ஷே நிறுவனமே தன் வடிவத்தை அடிக்கடி மாற்றியது. அவற்றுள் இரண்டு பிற்கால மாற்றியமைப்பாளர்கள் அனைவரும் பார்த்து எழுதும் மூலப்படிகள் போல் ஆயின.

முதலாவது 1972 அக்டோபரில் பாரிசுக் கண்காட்சியில் வெளியான கரேரா ஆர்எஸ் 2.7. இதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட ஓர் அங்குலம் அகலமானவை. அதற்காகப் பின் வளைவுப் பகுதியில் உடல் 42 மில்லிமீட்டர் அகலமாக்கப்பட்டது. எஞ்சின் மூடியின் மேல் நிமிர்ந்து நிற்கும் "வாத்து வால்" அதிவேகத்தில் பின்பகுதி மேலெழுவதைக் குறைத்தது. எஞ்சினின் ஆற்றல் 210 குதிரைத்திறன். பந்தய விதிகளின்படி 500 வண்டிகள் விற்றாக வேண்டியிருந்தது. விற்பனைப் பிரிவு ஐயம் கொண்டிருந்த நிலையில் மொத்தம் 1580 வண்டிகள் உருவாயின.

இரண்டாவது 1974-இல் பாரிசில் காட்டப்பட்டு 1975 மாதிரி ஆண்டில் விற்பனைக்கு வந்த 911 டர்போ. 930 என்ற உள்வழக்கு எண்ணால் அறியப்படும் இது, இடுப்புப் போல் புடைத்த பின் வளைவுகளும் "திமிங்கில வால்" எனப்பட்ட பெரிய வாலும் கொண்டது. சாதாரண 911 வைத்திருந்தோர் பலரும் இத்தோற்றத்தை விரும்பியதைக் கண்ட நிறுவனம், 1984 மாதிரி ஆண்டு முதல் எம்491 என்ற தெரிவுக் குறியீட்டின் கீழ் டர்போ உடலை டர்போ அல்லாத கரேராவிலும் விற்றது. ஆகவே அகன்ற உடல் கொண்ட ஒரு கரேரா அசலா மாற்றமா என்பதைக் கண்ணால் பார்த்து மட்டும் சொல்ல இயலாது. தெரிவுக் குறியீடுகள் அச்சிட்ட ஒட்டுத்தாளையும் நிறுவனப் பதிவுகளையும் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கு இடையே, 1974 மாதிரி ஆண்டில் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்காக ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது. மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலும் சேதமுறாத பம்பர்கள், துருத்தி போன்ற ரப்பர் மடிப்புகளுடன் பொருத்தப்பட்டன. முன் மூடி அதற்கேற்பக் குட்டையாக்கப்பட்டது. 911 விரும்பிகள் 1973 வரையிலானவற்றை "நீள் மூடி" வண்டிகள் எனப் பிரித்துச் சொல்வது இதனால்தான்.

சாய்முகம்

1976-ஆம் ஆண்டின் ஐந்தாம் பிரிவுப் பந்தய விதிகள், தொழிற்சாலை வண்டியின் கூரை, கதவு, மூடி ஆகியவற்றின் உருவரையைக் காக்கச் சொல்லின. சக்கரங்களை மூடும் பக்கத் தகடுகளின் வடிவத்தை மட்டும் பந்தயக்காரரின் விருப்பத்துக்கு விட்டன. போர்ஷேயின் பந்தயப் பொறியாளர் நோர்பர்ட் சிங்கர் இதில் ஒரு வழியைக் கண்டார். 911-இன் முகவிளக்குகள் பக்கத் தகடுகளில்தான் உள்ளன. எனவே விளக்குகளைப் பம்பருக்கு இறக்கி, தகடுகளைத் தாழ்த்தி, 935 பந்தய வண்டியின் முகத்தைத் தட்டையாக்கினார். கொலோன் நகரின் கிரெமர் சகோதரர்கள் அதை மேலும் வளர்த்து உருவாக்கிய 935 கே3, 1979 ல மான் 24 மணிநேரப் பந்தயத்தில் ஒட்டுமொத்த வெற்றி பெற்றது.

இவ்வெற்றிக்குப் பின் சாலை வண்டிகளிலும் சாய்முகம் கேட்டு வாடிக்கையாளர்கள் வந்தனர். கிரெமர், டிபி மோட்டார்ஸ்போர்ட் போன்ற தனியார் பட்டறைகள் இதைச் செய்து கொடுத்தன. 1980களில் போர்ஷேயின் சிறப்பு வேண்டுகைப் பிரிவும் "ஃப்ளாக்பாவ்" என்ற பெயரில் அதையே செய்தது. தொழிற்சாலை வரிசையிலிருந்து வந்த டர்போவின் முன்தகடுகளை நீக்கி, கையால் உருவாக்கிய எஃகுத் தகடுகளையும் மேலெழும் விளக்குகளையும் அங்குள்ள தொழிலாளர்கள் பொருத்தினர்.

இதன் விளைவு இன்றுவரை தொடரும் ஒரு முரண். ஒரே ஆண்டில், ஒரே வகை டர்போவில், ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் செய்யப்பட்ட இரு சாய்முக வண்டிகளில், நிறுவன ஆவணம் உள்ளது சேகரிப்புப் பொருளாகவும், வெளிப் பட்டறையில் ஃபைபரால் செய்யப்பட்டது கெடுக்கப்பட்ட டர்போவாகவும் மதிக்கப்படுகின்றன. பின்னதை வாங்குவோரில் சிலர் வட்ட விளக்கு முகத்தையே திரும்பப் பொருத்துகின்றனர். அவ்வாறு செய்வது சேதத்தைச் சரிசெய்வதா, அல்லது 1980களின் ஒரு சான்றை அழிப்பதா என்பதில் ஒத்த கருத்து இல்லை. நல்ல வேலைப்பாட்டுடன், எந்தப் பட்டறை எந்த ஆண்டு செய்தது என்ற பதிவுடன் எஞ்சியிருக்கும் சாய்முகத்தை நீக்குவது வருந்தத்தக்கது என்பதே வலுவான வாதமாகத் தோன்றுகிறது.

புதிதாக்கலும் பழையதாக்கலும்

1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் பழைய 911 என்பது வெறும் பழைய வண்டியே. நீள் மூடி வண்டிகள் பலவற்றின் முகப்பு மாற்றப்பட்டு, டர்போ வளைவுகளும் வாலும் ஏற்றப்பட்டன. உரிமையாளருக்கு அது புதிய வண்டி வாங்காமல் புதியது போன்ற தோற்றம் பெறும் வழி. அன்று அதை யாரும் குறை கூறவில்லை.

நீள் மூடி வண்டிகளின் விலை ஏறியதும் காற்று எதிர்த்திசையில் வீசியது. 1978 முதல் 1983 வரையிலான எஸ்சி, 1984 முதல் 1989 வரையிலான கரேரா 3.2 ஆகியவற்றின் துருத்திப் பம்பர்கள் கழற்றப்பட்டு, நீண்ட மூடியும் பழைய வகை முன்தகடுகளும் மெல்லிய பம்பர்களும் பொருத்தப்பட்டன. துத்தநாக முலாம் பூசிய உறுதியான கூட்டின் மேல் 1973-இன் முகம் என்பது இதன் கவர்ச்சி. முன் பூட்டுத் தகட்டையும் பின்பக்கத் தகடுகளின் கீழ் ஓரங்களையும் மாற்றாமல் இது முழுமை அடைவதில்லை. முதலாவது கழற்றிப் பூட்டும் வேலையாக முடிவதில்லை; பின்னது கூட்டையே தொடும் வேலை.

நீண்ட காலம் மலிவாகக் கிடைத்த எஸ்சி இவ்வகையில் பெருமளவு பயன்படுத்தப்பட்டது. ஒரு தலைமுறை முன்பு நீள் மூடி வண்டிகளுக்கு நேர்ந்ததே பின்னர் எஸ்சிக்கும் நேர்ந்தது: எண்ணிக்கை மிகுதி என்று கருதி வெட்டப்பட்டவை, வெட்டப்படாத நிலையில் தேடப்படுகின்றன. 1974 முதல் 1989 வரையிலான தொடரில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் வண்டிகள் உருவாயின என்றாலும், அவற்றில் துரு, விபத்து, பந்தயம், மாற்றம் ஆகிய நான்கையும் தப்பியவை சிறு பகுதியே.

மாற்றமே அசலான வண்டிகள்

சில மாற்றியமைப்பாளர்களின் வண்டிகள் தமக்கெனத் தனி மதிப்புப் பெற்றுள்ளன. பவேரியாவின் ஃபாஃபென்ஹவுசனில் உள்ள ரூஃப் நிறுவனம் 1981-இல் செருமனியில் தானுந்து உற்பத்தியாளராகவே ஏற்பு பெற்றது. அதன் புதிய வண்டிகள் போர்ஷே எண்ணைத் தாங்காமல் ரூஃப் எண்ணையே தாங்குகின்றன. 1987-இல் வந்த சிடிஆர், அகன்ற டர்போ உடலை வேண்டுமென்றே தவிர்த்தது. ஒடுக்கமான கரேரா கூட்டையே எடுத்துக்கொண்டு, காற்றுத் தடையைக் குறைக்கக் கூரை ஓரத்து மழைநீர்க் கால்வாய்களையும் நீக்கியது. 469 குதிரைத்திறனுடன் அது மணிக்கு 339 கிலோமீட்டரைத் தொட்டது. அகன்ற உடலே வேகத்தின் அடையாளம் என்ற எண்ணத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு இல்லை.

சப்பானின் சிபா மாநிலத்தைச் சேர்ந்த அகிரா நகாய் நடத்தும் ஆர்டபிள்யூபி இதன் மறுமுனை. நகாய் உரிமையாளரின் ஊருக்கே சென்று, பின்சக்கர வளைவுகளைத் தம் கையால் அறுத்து, மிக அகன்ற வளைவுகளைத் திருகாணிகளால் பூட்டி, விளிம்பைப் பசையால் அடைக்கிறார். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பெயர் சூட்டப்படுகிறது. திரும்பப்பெற முடியாத வெட்டு என்பதே இதைப் போற்றுவோருக்கும் தூற்றுவோருக்கும் பொதுவான காரணம். 964, 993 ஆகியவை மலிவாக இருந்தபோது தொடங்கிய இவ்வழக்கம், அவற்றின் விலை ஏறிய பின்னும் நிற்கவில்லை.

கலிபோர்னியாவில் 2009-இல் ராப் டிக்கின்சன் தொடங்கிய சிங்கர் நிறுவனம், வாடிக்கையாளருக்குச் சொந்தமான 964 வண்டியை முழுவதும் பிரித்து, பெரும்பாலான வெளித்தகடுகளைக் கார்பன் இழையால் மாற்றி, 1960களின் சாயலில் திரும்பக் கட்டுகிறது. முதல் வகையை 450 வண்டிகளுடன் நிறுத்திக்கொள்வதாக அது அறிவித்தது. 964 அறுபதாயிரத்துக்கும் மேல் உருவானது என்பதால் இந்த இழப்பு சிறிதே என்பது ஆதரவாளர் கூற்று. சிங்கரின் வண்டிகளைப் பார்த்துக் குறைந்த செலவில் குறைந்த திறனுடன் செய்யப்படும் போலிகளின் எண்ணிக்கையை இக்கணக்குச் சேர்ப்பதில்லை.

லாஸ் ஏஞ்சலிசில் வாழும் மேக்னஸ் வாக்கர் பல ஆண்டுகளின் பாகங்களைக் கலந்து செய்யும் 911-களும் 2012-இல் வெளியான அர்பன் அவுட்லா ஆவணப்படத்தின் மூலம் பரவலாக அறியப்பட்டன.

அசல்நிலையின் வரையறை

அசல் என்ற சொல் ஒரே பொருளில் வழங்குவதில்லை. சேசிஸ் எண், எஞ்சின் எண், பற்சக்கரப் பெட்டி எண் ஆகியன நிறுவனப் பதிவுடன் பொருந்துவது ஒரு பொருள். தகடுகளும் வண்ணமும் தொழிற்சாலையில் இடப்பட்டவையாகவே இருப்பது இன்னொன்று. முதல் வகை அசல் இருந்து இரண்டாம் வகை அசல் இல்லாத வண்டிகளே மிகுதி. வண்ணப் படலத்தின் தடிப்பை அளக்கும் கருவி இதில் பயன்படுகிறது. தொழிற்சாலை வண்ணம் பொதுவாக ஒன்று முதல் இரண்டு நூறு மைக்ரான் அளவில் இருக்க, பட்டி பார்த்த இடம் பல நூறு மைக்ரானைக் காட்டும். ஃபைபர் என்றால் கருவி எதையும் காட்டாது.

ஆண்டுக்கு ஆண்டு மாறும் சிறு விவரங்களும் சான்றாகின்றன. 1972 மாதிரி ஆண்டு வண்டியில் மட்டும் வலப்பக்கக் கதவின் பின்னே எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடி ஒன்று உண்டு. எரிபொருள் நிலையங்களில் அதைப் பெட்ரோல் மூடி எனக் கருதிப் பெட்ரோலை ஊற்றிவிட்டதால் அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 1972 எனப் பதிவுள்ள வண்டியில் அந்த மூடி இல்லையெனில் பின்பக்கத் தகடு மாற்றப்பட்டுள்ளது என்றே கொள்ள வேண்டும். உண்மையான 1973 ஆர்எஸ் வண்டியின் சேசிஸ் எண் 911360 எனத் தொடங்கும். அகன்ற வளைவும் வாத்து வாலும் எந்த 911-இலும் பொருத்தப்படக்கூடியவை. 911 டி வண்டிகள் பல அவ்வாறு மாற்றப்பட்டும் உள்ளன.

பழம் வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 2012-இல் டூரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. கட்டடங்களையும் நினைவுச்சின்னங்களையும் பேணுவதற்கான 1964 வெனிசுச் சாசனத்தின் கருத்துகளை அது வாகனங்களுக்குப் பொருத்துகிறது. 911-இன் உற்பத்தி தொடங்கியதும் அதே 1964-இல்தான். சாசனத்தின்படி, வாகனம் தன் வாழ்நாளில் பெற்ற காலத்துக்குரிய மாற்றங்களும் அதன் வரலாற்றில் சேரும். எனவே அனைத்தையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்புவது கட்டாயமன்று. புதிதாகச் செய்ய நேரும் தலையீடுகள் குறைவாகவும், கூடுமானவரை திரும்பப்பெறத்தக்கனவாகவும், ஆவணப்படுத்தப்பட்டும் இருக்க வேண்டும். சாய்முகத்தைக் காக்கவும் புதிய வெட்டை மறுக்கவும் ஒரே நேரத்தில் இச்சாசனத்தைச் சான்று காட்டலாம்.

போர்ஷே அருங்காட்சியகத்தின் 57-ஆம் எண் 901 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1964 அக்டோபரில் உருவான இச்சிவப்பு வண்டி 2014-இல் ஒரு கொட்டகையில் கடுமையாகத் துருப்பிடித்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அதுவரை அருங்காட்சியகத்திடம் ஒரு 901 கூட இல்லை. முன்தகடுகள் முற்றிலும் காணாமற் போயிருந்தன. புதிய தகடுகளைச் செய்வதற்கு மாறாக, அதே காலத்து மற்றொரு கூட்டிலிருந்து தகடுகள் எடுக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று ஆண்டு வேலைக்குப் பின் 2017 டிசம்பரில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. ஒன்றைக் காக்க இன்னொன்றைப் பிரிக்க வேண்டியதாயிற்று என்பதும் இங்கே குறிப்பிடத்தக்கது.

சட்ட நிலை

செருமனியில் உடற்கூடு மாற்றம் தொழில்நுட்பச் சோதனைக்கு உட்பட்டு வாகன ஆவணத்தில் பதியப்பட வேண்டும். இல்லாவிடில் வண்டியை ஓட்டும் இசைவு செல்லாததாகிவிடும். 1997 முதல் அங்கு வழங்கப்படும் "எச்" எழுத்துடன் கூடிய வரலாற்று எண் தகடு, 30 ஆண்டு கடந்த, பெரும்பாலும் அசல் நிலையிலுள்ள வண்டிகளுக்கு உரியது. இத்தகடு பெற்ற தானுந்துக்கு ஆண்டு வரி எஞ்சின் அளவு எதுவாயினும் 191 யூரோ மட்டுமே. மாசுக் கட்டுப்பாட்டு மண்டலங்களுக்குள் செல்லவும் தடையில்லை.

மாற்றம் இருந்தாலே இத்தகடு மறுக்கப்படும் என்பதில்லை. வண்டி உருவான முதல் பத்தாண்டுகளுக்குள் வழக்கில் இருந்த மாற்றங்கள் காலத்துக்குரியவை என ஏற்கப்படுகின்றன. 1978-ஆம் ஆண்டு டர்போவில் 1983-இல் செய்த சாய்முகம் இவ்விதிக்குள் அடங்கும். அதே டர்போவில் அண்மையில் பூட்டிய மிக அகன்ற வளைவுகள் அடங்கா.

சந்தை மதிப்பு

ஆவணத்துடன் மாறாத நிலையில் உள்ள வண்டியே பொதுவாகக் கூடுதல் விலை பெறுகிறது. இதற்கு விலக்காகும் மாற்றங்கள், பெயர் பெற்ற பட்டறையின் வேலையாகவோ பெயர் பெற்ற உரிமையாளரின் வண்டியாகவோ இருப்பவை. ல மான் திரைப்படத்தின் தொடக்கத்தில் ஸ்டீவ் மெக்குவீன் ஓட்டிய 1970 மாதிரி 911 எஸ், 2011-இல் ஏலத்தில் 13.75 இலட்சம் டாலருக்கு விற்றது. அங்கு விலையை உயர்த்தியது வண்டியின் வரலாறு.

நடைமுறையில் இரு போக்குகளுக்கும் இடையில் ஒரு வழக்கம் உருவாகியுள்ளது. முன்பே விபத்திலோ துருவிலோ பின்பக்கத் தகடுகளை இழந்த கூடுகளை மாற்றத்துக்கு எடுப்பதும், நல்ல கூட்டில் சக்கரம், தொங்கல் அமைப்பு, பம்பர், முன்தகடு போன்ற கழற்றக்கூடியவற்றை மட்டும் மாற்றி அசலைப் பாதுகாப்பாக எடுத்துவைப்பதும் அவ்வழக்கம். 1966-இல் அறிமுகமான ஃபுக்ஸ் சக்கரங்கள் முதல் துருத்திப் பம்பர்கள் வரை, கழற்றி எடுத்துவைக்கப்பட்ட பாகங்கள் வண்டியுடனேயே அடுத்த உரிமையாளருக்குக் கைமாறுகின்றன. விற்பனை விளம்பரங்களில் "அசல் பாகங்கள் உடன் தரப்படும்" என்ற வரி விலையைத் தாங்கி நிற்பது இதனாலேயே.